மதுக்கடை, கசிப்பு, உளநல கிளினிக்: தோட்டத்து மனுவை யாரிடம், எப்படிக் கொடுப்பது?

கொழுந்துக்கூடை கேட்டது:

இலங்கை நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ பக்கம் மூன்று டிவிஷன் (பிரிவு) உள்ள தேயிலைத் தோட்டம். மாதர் சங்கமும் இளைஞர் கழகமும் சேர்ந்து மனு எழுதுகிறோம். வரைவில் நாலு கோரிக்கை இருக்கிறது. பஸார் சந்தி மதுக்கடையின் லைசன்ஸைப் புதுப்பிக்கக் கூடாது. லயன்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) சாராயப் போத்தலும் கசிப்பும் (கள்ளச்சாராயம்) விற்பதைப் பொலிஸ் நிறுத்த வேண்டும். பிரதேச வைத்தியசாலையில் தமிழ் பேசுகிறவர்களோடு உளநல கிளினிக் வேண்டும். தோட்டத்துக்கு ஒரு புனர்வாழ்வு நிலையம் வேண்டும். பெரட்டுக்களத்தில் (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் இடம்) 500 கையெழுத்து வாங்கி, பிரதேச சபைத் தலைவரிடம் கொடுக்கலாம் என்று யோசனை. இது சரியான வழியா? ஆதாரம் எப்படிச் சேர்ப்பது?

---

மணிக்கூண்டு:

நாலையும் ஒரே தாளில் போட்டால் "உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தனித்தனிக் கடிதமாகப் பிரியுங்கள். ஒரு கடிதம், ஒரு பக்கம், ஒரு கோரிக்கை.

மதுக்கடை லைசன்ஸ் பிரதேச சபையின் கையில் இல்லை. மதுவரி ஆணையாளர் நாயகத்துக்கு எழுதி, பிரதேச செயலாளருக்கும் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் பிரதி அனுப்புங்கள். லைசன்ஸ் ஒரு வருடத்துக்குத்தான், டிசம்பரோடு முடியும். நவம்பரில் தொடங்கினால் பைல் உங்களைத் தாண்டிப் போயிருக்கும். செப்டெம்பருக்குள் கடிதம் போய்ச் சேரட்டும்.

"குடும்பங்கள் சீரழிகின்றன" என்பது உண்மை. ஆனால் அந்த வரியை வைத்து அதிகாரி எதுவும் செய்ய முடியாது. அவருக்கு விதிமீறல் வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்றார்களா (2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அதைத் தடுக்கிறது), மது விற்கக் கூடாத போயா (பௌர்ணமி) அன்று பின்கதவால் கொடுத்தார்களா, மதுசார விளம்பரம் மாட்டியிருக்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், இடம் எழுதுங்கள். "அடிக்கடி" என்ற சொல் எங்கே இருந்தாலும் வெட்டிவிட்டு மூன்று தேதிகளைப் போடுங்கள். கடையிலிருந்து பாடசாலைக்கும் கோயிலுக்கும் உள்ள தூரம் பற்றி மதுவரி அறிவித்தலில் விதி இருக்கிறது. நடைமுறையில் உள்ள அறிவித்தலின் பிரதியை வாங்கி, எங்கிருந்து எங்கே அளக்கச் சொல்கிறது என்று பார்த்து, அதேபடி டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். குத்துமதிப்பாக எழுதிய தூரம் பிழைத்தால் மற்ற எல்லாம் சேர்ந்து விழும்.

கிளினிக் கடிதம் நுவரெலியா பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்குப் போக வேண்டும். பிரதேச சபையை விட்டுவிடவும் வேண்டாம். பிரதேச சபைச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு தோட்டத்துக்குள்ளும் சபை செலவு செய்ய வழி இருக்கிறது. காத்திருக்கும் இடம், மலசலகூடம், வைத்தியசாலைக்கு ஏறும் பாதை, இவற்றை அவர்களிடம் கேளுங்கள்.

நாலாவது கோரிக்கையை எடுத்துவிடுங்கள். டாக்டரும் தாதியும் இல்லாத புனர்வாழ்வு நிலையம் ஆட்களை அடைத்து வைக்கும் இடமாகத்தான் போய் முடியும். குடிக்கிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையம் தேவைப்படாது. பக்கத்திலேயே தொடர்ந்து கிடைக்கும் சிகிச்சைதான் தேவை.

---

ஆத்தோரம்:

மணிக்கூண்டு சொன்ன ஒழுங்கோடு உடன்படுகிறேன். ஆனால் எது முதலில் என்பதை மாற்றுங்கள். கிளினிக் கடிதம் முதலில் போகட்டும், கடைக் கடிதம் அடுத்ததாக.

காரணம் இதுதான். தினமும் அரைப் போத்தல் குடிக்கிற ஆளுக்குத் திடீரென்று சரக்கு கிடைக்காமல் போனால், 6 மணி நேரத்திலிருந்து கை நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், ஆள் அடையாளம் தெரியாது. லயனில் அதைப் "பேய் பிடிச்சிருச்சு" என்று கோடாங்கியிடம் கொண்டுபோகிறார்கள். உயிர் போகிற நிலை அது. 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸைக் கூப்பிட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கடையை மூடுவதில் வெற்றி பெற்று, இதற்கு ஏற்பாடு இல்லாமல் விட்டால், ஒன்று இப்படி ஆகும், இல்லையென்றால் ஆட்கள் கசிப்புக்குப் போவார்கள்.

ஆகவே கிளினிக் கடிதத்தில் இதையும் எழுதுங்கள்: பிரதேச வைத்தியசாலையிலும் தோட்ட டிஸ்பென்சரியிலும் தயமின் (விற்றமின் B1) ஊசியும் மாத்திரையும் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும், நீண்டநாள் குடித்தவருக்குக் குளுக்கோஸ் சேலைன் ஏற்றுமுன் தயமின் கொடுக்க வேண்டும் என்ற எழுத்துமூல அறிவுறுத்தல் வேண்டும். தயமின் குறைந்த உடம்பில் குளுக்கோஸ் முதலில் போனால் மூளை பாதிக்கப்படலாம். சின்னச் செலவு, பெரிய காப்பு. நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் மருந்தின் அளவை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

கூட்டங்களில் "பியர்தானே" என்ற பேச்சு வரும். கணக்கைச் சொல்லுங்கள். 33.5% சாராயம் 180 மி.லி. கால் போத்தலில் ஏறக்குறைய 48 கிராம் மதுசாரம். 8.8% ஸ்ட்ரோங் பியர் 500 மி.லி. டின் ஒன்றில் 35 கிராம். இரண்டு டின் கால் போத்தலைத் தாண்டிவிடும்.

மாதர் சங்கத்துக்கு ஒன்று. குடிப்பவருக்குத் தெரியாமல் கறியில் மாத்திரை கலந்து கொடுக்கும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அப்படிக் கலக்கும் டைசல்பிராம் (குடியை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரை) உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கி ஆள் விழலாம். கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு வாரம் வரை அந்த ஆபத்து இருக்கிறது. அவர் அறிந்து சம்மதித்து, டாக்டர் பார்த்துக் கொடுக்கும் மருந்து அது.

---

லயன்காம்பரா:

பெரட்டுக்களம் வேண்டாம். கங்காணியும் தொழிற்சங்கத் தலைவரும் துரையும் (தோட்ட முகாமையாளர்) பார்க்கும் இடத்தில் யார் கையெழுத்து வைத்தார், யார் வைக்கவில்லை என்பது அன்று மாலையே எல்லா லயனுக்கும் போய்விடும். கசிப்பு விற்கிறவரும் பக்கத்துக் காம்பராவில்தான் (லயன் அறை) இருப்பார். வீடு வீடாகப் பெண்கள் இருவராகப் போகட்டும். 500 கையெழுத்தை விட, அடையாள அட்டை இலக்கத்தோடு உள்ள 120 கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். ஒரே கையால் எழுதிய பத்துப் பெயர் கண்ணில் பட்டாலே முழு மனுவும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஒவ்வொரு தாளின் தலையிலும் கோரிக்கை அச்சாகியிருக்க வேண்டும். வெறும் கோடு போட்ட தாளில் வாங்கிய கையெழுத்து எதற்கு வைத்தது என்று கேட்பார்கள்.

"வீட்டுக்கு எத்தனை குடிகாரர்" என்று கணக்கெடுக்கப் போகாதீர்கள். பெயரோடு எழுதிய அந்தத் தாள் எங்காவது கசிந்தால் அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு கிளினிக் பக்கமே வராது. உலக சுகாதார நிறுவனத்தின் "ஓடிட்" என்ற, குடிப்பழக்கத்தை அளக்கும் 10 கேள்விப் படிவத்தை (மொத்தம் 40 புள்ளி, 8 அல்லது அதற்கு மேல் கவனம், 20 அல்லது அதற்கு மேல் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்) டிஸ்பென்சரியில் தனியாக வைத்துக் கேட்பதுதான் முறை. அது சுகாதார ஆட்களின் வேலை.

எண்ணிக்கையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பிராந்தியப் பணிப்பாளர் அலுவலகத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. "ஏன் கிளினிக் இல்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் சட்டம் பதிவில் இருப்பதைத்தான் தரும். இப்படிக் கேளுங்கள்: உளநலப் பிரிவுக்கு அனுமதிக்கப்பட்ட ஆளணி (பதவிகள்) எத்தனை, இப்போது கடமையில் எத்தனை பேர், கடந்த 24 மாதங்களில் மாதவாரியாக வந்த நோயாளர் எண்ணிக்கை, எந்தெந்த வைத்தியசாலைகளில் எந்தக் கிழமையில் கிளினிக். 14 வேலை நாட்களுக்குள் முடிவு தர வேண்டும். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைக் கேட்பவர்) மேன்முறையீடு, அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இந்த 14 நாளைத் தவறவிட்டுத்தான் நல்ல விண்ணப்பங்கள் கெட்டுப்போகின்றன. நேரில் கொடுத்தால் இரண்டாவது பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள், இல்லாவிட்டால் பதிவுத் தபால்.

---

கொழுந்துக்கூடை:

மூவருக்கும் நன்றி. நாலாவது கோரிக்கையை எடுத்துவிட்டோம். இரண்டு சந்தேகம். சிங்களப் பிரதி தேவையா? வார நாளில் கிளினிக் வைத்தால் ஆட்கள் பேர் (அன்றைய வேலைப்பதிவும் சம்பளமும்) போய்விடும் என்று வரமாட்டார்களே?

---

மணிக்கூண்டு:

தமிழில் எழுதுவதும் தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை, அதை விடாதீர்கள். கூடவே ஒரு சிங்களப் பிரதியை இணைத்தால், மொழிபெயர்ப்புக்காக மேசையில் கிடக்கும் நாட்கள் மிச்சம்.

---

ஆத்தோரம்:

பேர் போகும் விஷயம்தான் இதில் பெரிய முடிச்சு. டவுன் வைத்தியசாலைக்கு ஒரு நாள் போனால் சம்பளமும் போகும், பஸ் காசும் போகும். அதனால் இரண்டாம், மூன்றாம் மாதத்தில் மருந்து நின்று நோய் திரும்பி வருகிறது. இதற்கு இரண்டு இடத்தில் கேளுங்கள். தோட்ட முகாமையாளருக்குத் தனிக் கடிதம்: கிளினிக் அட்டையைக் காட்டினால் அன்று அரைப்பேராவது (அரை நாள் சம்பளம்) போட வேண்டும், அட்டையில் என்ன நோய் என்று யாரும் கேட்கக் கூடாது. பணிப்பாளருக்கு: சில உளநோய்களுக்கு இரண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி மருந்தை, சமூக உளநலத் தாதி பிரதேச வைத்தியசாலையிலேயே பிற்பகல் 2 மணிக்குப் பிறகு போட ஏற்பாடு.

அதுவரைக்கும் 1926 இலக்கத்தை (தேசிய மனநல நிறுவனத்தின் உதவி அழைப்பு) பிள்ளை மடுவத்திலும் (குழந்தைகள் பராமரிப்பு நிலையம்) கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ஒட்டுங்கள். தற்கொலைக்காகப் பூச்சிமருந்து குடித்தவரைப் பொலிஸுக்குப் பயந்து வீட்டிலேயே மறைத்து வைக்கிறார்கள். தற்கொலை முயற்சி 1998இலிருந்து குற்றமில்லை. அதையும் அந்தத் தாளிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்.