வரம்பில் ஊர்ந்து போன மீன், தண்ணீருக்குள் போட்டதும் செத்தது ஏன்?

தம்பிலுவில் பொடியன்:
முந்தாநாள் முதல் மாரி மழை கொட்டி ஓய்ந்ததும் விடியப்புறம் வயலுக்குப் போனேன். தண்ணீர் பாய வரம்பில் வெட்டிவிட்ட வக்கடைக்குக் கிட்ட, வரம்பின் ஈரப் புல்லில் ஒரு மீன் பக்கம் சரிந்து சரிந்து ஊர்ந்துகொண்டிருந்தது. உள்ளங்கை நீளம், பச்சை கலந்த சாம்பல் நிறம், வாலடியில் கறுப்புப் பொட்டு. பிடித்ததும் விரலைக் கீறிவிட்டது. செவுள் மூடியின் விளிம்பு வாள்பல் மாதிரி இருந்தது. பிளாஸ்டிக் டப்பாவில் விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரப்பி, மீனை விட்டு, மூடியை இறுக்கிக் கொண்டு வந்தேன். வீட்டில் திறந்து பார்த்தால் செத்துக் கிடக்கிறது. தரையில் உயிரோடு திரிந்தது தண்ணீருக்குள் எப்படிச் செத்தது? மனசு கேட்கவில்லை.

வட்டை விதானை:
தம்பி, அது பனையேறி. மழை விழுந்ததும் பள்ளத்தை விட்டு வாய்க்காலுக்கும் வயலுக்கும் ஏறி வரும். செவுள் மூடியை விரித்து அந்த முள்ளைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தித்தான் நகரும். உன் விரலைக் கீறியதும் அதே முள்தான். எங்கள் காலத்தில் கரப்பு என்ற மீன்பிடிக் கூடையைக் குத்தினால் விராலோடு இதுவும் கிடைக்கும், இப்போதுள்ள பிள்ளைகளுக்குப் பெயரே தெரியவில்லை என்பது எனக்குப் பெரிய கவலை.

விலங்கியல் மாணவி:
இதற்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள் மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது, அதற்குள் காற்றை இழுத்துத்தான் சுவாசிக்கும். அடிக்கடி மேலே வந்து காற்று விழுங்க முடியாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். உங்கள் டப்பாவில் காற்றுக்கு இடமே இல்லை, அதுதான் நடந்திருக்கும். ஈரம் மட்டும் இருந்தால் வெளியே நாள் கணக்கில் தாங்கும்.
பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1791-இல் தரங்கம்பாடியில் டல்டோர்ஃப் என்ற டேனிஷ்காரர், பனைமரத்தில் ஐந்தடி உயரத்தில் இதைப் பிடித்ததாக எழுதினார், 1797-இல் அது லண்டனில் அச்சானது. மரம் ஏறுவதை நான் நம்பவில்லை, ஆனால் தரையில் ஊர்வதைத்தான் நீங்களே பார்த்துவிட்டீர்களே.

தம்பிலுவில் பொடியன்:
நன்றி தங்கச்சி, விதானை ஐயாவுக்கும் நன்றி. இன்று காலையும் அதே வரம்பில் ஒன்று கிடந்தது. ஈரச் சாக்கால் பிடித்து, அரை வாளித் தண்ணீரில் மூடாமல் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தேன். மேலே வந்து 'ப்ளப்' என்று காற்றைக் கவ்விக்கொண்டு கீழே போனது, கொஞ்சத்தில் திரும்பவும் வந்தது. அப்புறம் வாய்க்காலிலேயே விட்டுவிட்டேன்.