வெள்ளவத்தை வீட்டுக்குக் காற்றுச் சுத்திகரிப்பான்: எது வாங்கலாம்?

அம்மாவுக்கு 68 வயசு, பழைய ஆஸ்துமா. டிசம்பர் தொடங்கி விடியப்புறத்தில இருமலும் இழுப்பும். பனிமூட்டம் மாதிரிப் புகை நிக்கிற நாளில கண்ணும் எரியுது, படியேறவே மூச்சு வாங்குது. மழை பெய்தால் அடுத்த நாள் ஆள் சுகம்.

இருக்கிறது காலி வீதிப் பக்கம், இரண்டாம் மாடி. காலமை துடைச்ச யன்னல் கட்டையில பின்னேரம் விரல் வைச்சால் கறுப்பு ஒட்டும். ஃபோனில பிஎம் 2.5 (காத்தில இருக்கிற நுண்துகள் அளவு) காலமையில 60க்கு மேல காட்டுது. உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்ன 24 மணித்தியால அளவு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம்தான்.

டொக்டரிட்டக் காட்டியாச்சு. ஆஸ்துமா பம்ப் ஒழுங்கா, ஸ்பேசர் (பம்பில மாட்டுற குழாய்) வைச்சுத்தான் எடுக்கிறா. வெளிய போனால் என்95 மாஸ்க். பள்ளிக்கூட வான்கள் ஓடுற நேரம் யன்னல் பூட்டுறம், நுளம்புச் சுருளும் சாம்பிராணியும் நிப்பாட்டியாச்சு (சாம்பிராணிக்குத்தான் பெரிய சண்டை!). ஏசி போட்டும் பாத்தம். அதின்ர வலை பெரிய தூசியைத்தான் பிடிக்கும், இந்த நுண்துகளுக்குச் சரிவராது.

படுக்கிற அறை 12க்கு 10 அடி. ஓசோன் வரக்கூடிய அயனைசர் வகை வேண்டாம். ஹெப்பா ஃபில்டர் (நுண்துகளையும் பிடிக்கிற வடிகட்டி) உள்ளதில, மாத்து ஃபில்டர் கொழும்பிலேயே வாங்கக்கூடியதா நீங்கள் பாவிக்கிற மொடல் எது?