தண்டர் சைல்ட் சீன் எந்தப் படத்துல இருக்கு?

வணக்கம் மக்களே, ஒரு சின்ன உதவி. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வாசிப்பு வட்டத்துல எச்.ஜி.வெல்ஸோட 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' (1898) பேசுறோம், அதுல முதல் பாகம் 17வது அத்தியாயத்தைப் படிச்சுட்டு அதே காட்சியை ஸ்கிரீன்ல போட்டுக் காட்டணும்னு ஆசை, ஆனா சிக்க மாட்டேங்குது.

எந்தக் காட்சின்னா, எஸ்ஸெக்ஸ் கடற்கரையில மக்கள் கப்பல் ஏறி தப்பிச்சுப் போறப்ப மார்ஷியன்களோட (செவ்வாய் கிரகத்துலேர்ந்து படையெடுத்து வந்தவங்க) மூணு கால் மெஷின் மூணு கடலுக்குள்ளயே நடந்து வரும், தண்டர் சைல்ட்ங்கிற போர்க்கப்பல் குண்டே போடாம நேரா அதுங்க மேல பாய்ஞ்சு போகும், உடம்பெல்லாம் தீப்பிடிச்சும் நிக்காம ரெண்டாவதையும் சாய்ச்சிட்டுத்தான் அடங்கும். நாவல்லயே எனக்கு உசுரு அந்த இடம்தான்.

இதுவரை பாத்தது: 1953 படம், கதையை கலிஃபோர்னியாவுக்குக் கொண்டு போயிட்டாங்க, மூணு கால் மெஷினுக்குப் பதிலா பறக்குற மெஷின். 2005 ஸ்பீல்பெர்க் படம், ஃபெர்ரி கவுர்ற சீன் மிரட்டல்தான், ஆனா எதுத்து நிக்க ஒரு கப்பலும் இல்ல (டாம் குரூஸ் ஓடுறாரு, ஓடிக்கிட்டே இருக்காரு). இசையமைப்பாளர் ஜெஃப் வெய்ன் இந்த நாவலை வச்சுப் போட்ட 1978 ஆல்பத்துல இதுக்குன்னே ஒரு பாட்டு இருக்கு, ஆனா எனக்கு வேண்டியது காட்சி. 2019 பிபிசி சீரிஸ் மூணு எபிசோடு, என்கிட்ட இருக்குற ஓடிடி எதுலயும் இல்ல.

டிவி, அனிமேஷன் எதுவானாலும் சரி, இந்தச் சண்டையை புத்தகத்துல உள்ளபடி எடுத்த வெர்ஷன் எது?