மேய்ச்சல் நிலப் பராமரிப்புக்கான தர அளவுகோல்: ஆயர்களையும் பழங்குடியினரையும் எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

புல்தரை:
மேய்ச்சல் நிலத்தை நன்றாகப் பராமரிக்கிறார்களா என்று மதிப்பிட ஓர் அளவுகோல் தயாராகிறது. தரையை மூடியிருக்கும் புல், ஹெக்டேருக்கு எத்தனை கால்நடை, மண் அரிப்பு, தீ வைத்த பரப்பு எல்லாம் வரைவில் இருக்கின்றன. ஆயர்களோடும் பழங்குடியினரோடும் இரண்டு நாள் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்கலாம் என்று திட்டம். அது போதுமா? அவர்கள் சொல்வதை எப்படி அளக்கிற மாதிரி மாற்றுவது?

மந்தைவழி:
போதாது. வரைவை எழுதி முடித்துவிட்டுப் போனால் தலையாட்டல்தான் கிடைக்கும். பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "எந்த விலங்குக்கு, எந்தப் பருவத்தில், எது நல்ல நிலம்?" புதர் பெருகினால் மாட்டுக்கு நஷ்டம், ஒட்டகத்துக்கும் வெள்ளாட்டுக்கும் அதுவே தீனி. இதைக் கேட்காமல் "புதர் அதிகம் = சீரழிவு" என்று எழுதினால் பாதிப் பேரின் நிலம் தோற்றுவிடும்.

அடுத்து, கூட்டத்தை அறைக்குள் போடாமல் மந்தையோடு நடங்கள். நீர்நிலையில் தொடங்கி அரை, ஒன்று, மூன்று கிலோமீட்டரில் நின்று பாருங்கள். எல்லா மந்தையும் கூடுகிற இடம் என்பதால் தண்ணீர் ஓரம் எப்போதும் மிதிபட்டு மொட்டையாகத்தான் இருக்கும். அங்கே மட்டும் அளந்துவிட்டு "அளவுக்கு மீறி மேய்த்திருக்கிறார்கள்" என்று எழுதிய அறிக்கைகளுக்குக் குறைவே இல்லை.

நின்ற இடத்திலெல்லாம் எந்தப் புல் குறைந்தது, எது புதிதாக வந்தது என்று கேட்டுக் குறியுங்கள். வயிறு எந்நேரத்துக்கு நிரம்புகிறது, சாணம் இளகலா இறுகலா, பால் கூடுகிறதா, கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் எத்தனை மாதம், தண்ணீருக்கும் தீனிக்கும் எவ்வளவு நடை என்பதை வைத்துத்தான் அவர்கள் நிலத்தை எடைபோடுகிறார்கள். இவை எல்லாமே எண்ணாகப் பதியக்கூடியவை. ஈர காலம் ஒரு முறை, வறட்சியில் ஒரு முறை எடுங்கள்.

வறள்நிலம்:
ஹெக்டேர் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்டு மழையின் மாறுபாட்டுக் கெழு (ஆண்டுக்கு ஆண்டு மழை சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவு) 33 சதவீதத்தைத் தாண்டும் இடங்களில் நிலையான கால்நடை எண்ணிக்கைக்கு அர்த்தம் குறைவு என்பது வறள்நில ஆய்வாளர்கள் பலர் வைக்கும் வாதம். அங்கே புல்லைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மழைதான். மழை பெய்த பக்கம் மந்தையை நகர்த்துவதுதான் பராமரிப்பு. ஆகவே எண்ணிக்கையை விட்டு, நகரும் வழி திறந்திருக்கிறதா, வறட்சிக்கென ஒதுக்கிய பகுதி அதுவரை தொடப்படாமல் இருந்ததா என்று பாருங்கள். கென்யாவின் இசியோலோவில் போரானா மக்களின் 'தேதா' அமைப்பு மழைக்காலம், கோடை, கடும் வறட்சி என்று மேய்ச்சலைப் பிரித்து நடத்துகிறது. அங்கே விதி காக்கப்பட்டதா என்பதையே ஓர் அளவாக எடுக்கலாம்.

தீயிலும் கவனம் வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியப் பாலையில் மார்ட்டு மக்கள் வேட்டைக்காகச் சின்னச் சின்னத் திட்டுகளாகக் கொளுத்துவார்கள். புதிதாக எரிந்ததும் பழையதும் கலந்து கிடப்பதால் பெருந்தீ பரவ வழியில்லாமல் போகிறது. "எரிந்த பரப்பு குறைவு = நல்லது" என்ற உங்கள் வரி அவர்களைக் குற்றவாளியாக்கும்.

புல்தரை:
நன்றி. யாரை அழைப்பது? ஊர்க் குழு ஒன்று இருக்கிறது.

மந்தைவழி:
ஊர்க் குழு மட்டும் வந்தால் ஆண்டுக்கு இரண்டு மாதம் வந்துபோகும் மந்தைக்காரர் விடுபட்டுப்போவார். பிறகு வேலி விழும், சண்டை வரும். பருவத்துக்கு வருபவர்கள், அண்டைக் குடியினர், சிறு மந்தை வைத்திருப்பவர்கள், கூலிக்கு மேய்ப்பவர்கள் என்று எல்லாரையும் பட்டியலிடுங்கள். பெண்களோடு தனியாக உட்காருங்கள். பாலும் இளங்கன்றும் பல இடங்களில் அவர்கள் பொறுப்பு. மேய்ச்சலை விட்டு வருகிறவருக்கு அன்றைக்கு மந்தை பார்க்க ஆள் வைத்துக் கூலியும் கொடுங்கள். இல்லாவிட்டால் ஓய்வாக இருக்கும் பெரியவர்கள் மட்டுமே வருவார்கள்.

வறள்நிலம்:
வரைபடம் போடும் முன் ஒப்புதல் வாங்குங்கள். பழங்குடியினர் உரிமைக்கான ஐ.நா. பிரகடனம் (2007) சொல்வது முன்கூட்டிய, சுதந்திரமான, விவரமறிந்த ஒப்புதல். கையெழுத்துத் தாள் மட்டும் அது ஆகாது, மறுக்கும் உரிமையும் சேர்த்துத்தான். எல்லா ஆயர்களையும் அரசுகள் பழங்குடி என்று ஏற்பதில்லை, அதனால் இதே விதியை அவர்களுக்கும் உங்கள் ஆவணத்திலேயே எழுதிவிடுங்கள். மறைவான கிணறு, வறட்சி ஒதுக்கீடு, வழிபாட்டிடம் ஆகியவற்றின் துல்லிய இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். போட்டால் முதலில் வந்து நிற்பவர் நிலம் தேடும் வெளியாளாக இருக்கலாம். மூலத் தரவு அவர்கள் கையில் இருக்கட்டும், உங்களுக்குத் தொகுப்பு போதும்.