மறு: ‘கேன்வாஸ்’ – வெண்பலகையே போதுமா, வேறு சொல் வேண்டுமா?

வணக்கம். குறிப்பு அட்டைகளைப் பரப்பி அடுக்கும் திரைப்பரப்பைச் செயலிகளில் ‘கேன்வாஸ்’ என்கிறார்கள். செயலியின் தமிழாக்கத்தில் அதற்கு எந்தச் சொல் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> ஒயிட்போர்டுக்கு வெண்பலகை என்று ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. செயலியிலும் அதையே வைத்துவிடலாமே?

சுவரில் மாட்டும் பலகைக்கு அது சரியான சொல், மாற்ற வேண்டாம். நிறத்தைக் காட்டியும் அதைத் தள்ள மாட்டேன். பள்ளிகளில் பச்சைப் பலகை வந்த பிறகும் கரும்பலகை என்றுதான் சொல்கிறோம். என் தடை ‘பலகை’ என்ற பகுதியில்தான்.

பலகைக்கு நான்கு ஓரம் உண்டு. இடம் தீர்ந்தால் அழிக்க வேண்டும், அல்லது அடுத்த பலகைக்குப் போக வேண்டும். 2024 டிசம்பர் 31-இல் நிறுத்தப்பட்ட ‘கூகுள் ஜாம்போர்டு’ என்ற வெண்பலகைச் செயலி அப்படித்தான் இருந்தது: ஒரு கோப்புக்கு அதிகபட்சம் 20 சட்டகங்கள், எல்லாம் ஒரே அளவு. அதை வெண்பலகை என்றால் பொருந்தும். அப்சிடியன் என்ற குறிப்புச் செயலியின் கேன்வாஸ், வரைவதற்கான எக்ஸ்காலிட்ரா, மிரோ ஆகியவற்றுக்கு ஓரமே இல்லை.

ஐயம் இருந்தால் அப்சிடியன் கேன்வாஸ் கோப்பு ஒன்றை உரைத்திருத்தியில் திறந்து பாருங்கள். 2024 மார்ச்சில் ‘ஜேசன் கேன்வாஸ்’ என்ற பெயரில் இந்தக் கோப்பு வடிவத்தை யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த தரமாக அப்சிடியன் குழுவினர் வெளியிட்டார்கள். ஒவ்வோர் அட்டைக்கும் அடையாளம், வகை, எக்ஸ், ஒய், அகலம், உயரம் என்று எழுதியிருக்கும். எக்ஸ் மதிப்பு -1200 என்றும் வரும். அதாவது தொடக்கப்புள்ளி மூலையில் இல்லை, பரப்பு நாற்புறமும் விரிகிறது. எந்தக் குறிப்பை எதன் பக்கத்தில் வைத்தோம் என்பதும் அங்கே சேமிக்கப்படும் செய்தி. இந்த விரிவும் இந்த இடமும் சொல்லில் தெரிய வேண்டும்.

> கித்தான்? கிழி?

கித்தான் துணியைச் சுட்டும் சொல்: கித்தான் பை, கித்தான் கூடாரம். ஆங்கிலத்தில் அந்தத் துணி ஓவியத்துக்கும் பிறகு கணினித் திரைக்கும் பெயரானது. தமிழில் அந்த வழி நடக்கவில்லை, எனவே படிப்பவர் மனம் துணியிலேயே நின்றுவிடும். கிழி, ஓவியம் தீட்டும் துணிக்கு அருமையான பழஞ்சொல். சங்கப் பாடல்களில் காதல் கைகூடாமல் பனைமடல் குதிரையில் ஏறும் தலைவன், அதாவது மடலேறுபவன், தலைவியின் உருவை எழுதிக் கையில் ஏந்துவது கிழிதான். ஆனால் பொத்தானில் ‘புதிய கிழி’ என்று வந்தால் இன்றைய பயனர் அதை ஏவல் வினையாகத்தான் படிப்பார்.

என் முன்மொழிவு: விரிகளம்.

நெல்லைக் கொட்டி, பரப்பி, தூற்றி, பிரிக்கும் இடம் களம். குறிப்புகளிலும் வேலை அதே வரிசையில் போனால்தான் நன்றாக வரும். முதலில் ஓர் அட்டைக்கு ஒரு கருத்து என்று எல்லாவற்றையும் கொட்ட வேண்டும். பிறகு ஒத்தவற்றை ஒதுக்க வேண்டும். அம்புக்கோடு கடைசியில்தான். தொடக்கத்திலேயே கோடு போட்டால் அட்டையை நகர்த்தும்போதெல்லாம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கலாகும். அடுக்கை மாற்ற மனம் வராது, முதலில் வந்த அமைப்பே நிலைத்துவிடும்.

இலக்கணமும் இடறவில்லை: விரிகளத்தில், விரிகளங்கள், விரிகளக் கோப்பு. விரிதாள் போலவே வினைத்தொகை, விரிந்த, விரிகின்ற, விரியும் என்று மூன்று காலத்துக்கும் நிற்கும். இன்னும் விரியக்கூடிய பரப்புக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

இதோடு இன்னொன்றையும் தீர்த்துவிடலாம். அட்டையை இழுப்பதற்கும் களத்தையே இழுத்துப் பார்ப்பதற்கும் மொழிபெயர்ப்பில் ‘நகர்த்து’ என்றே எழுதினால், களத்தை நகர்த்த நினைத்தவர் அட்டையை நகர்த்திவிடுவார். மேலே சொன்னபடி இடமும் தரவு, ஆகவே இது தரவுப் பிழை. அட்டைக்கு ‘நகர்த்து’, களத்துக்கு ‘உலவு’ என்று பிரிக்கலாம்: ‘உலவ, இடைவெளி விசையை அழுத்தியபடி இழுக்கவும்.’

அன்புடன்.

---

வணக்கம் ஐயா.

விரிகளத்துக்கும் உலவுக்கும் முழு இசைவு. அட்டைகளைச் சுற்றிப் போடும் பெட்டியான ‘குரூப்’ என்பதற்குக் ‘குழு’ என்று நம் சொற்பட்டியலில் இருப்பதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன்.

குழு என்றால் உறுப்பினர் பட்டியல் இருக்கும் என்று தோன்றும். ஜேசன் கேன்வாஸ் கோப்பில் அப்படி எதுவும் இல்லை. அந்தக் குரூப்பும் இடமும் அளவும் தலைப்பும் கொண்ட ஒரு செவ்வகம்தான். எந்த அட்டை அதற்குள் இருக்கிறது என்பதை இடத்தைப் பார்த்தே செயலி முடிவுசெய்கிறது. அதனால்தான் ஓரத்துக்கு வெளியே பாதி நீட்டிக்கொண்டிருக்கும் அட்டை, செவ்வகத்தை இழுக்கும்போது பின்தங்கிவிடுகிறது. ‘குழுவில் சேர்த்தேனே, ஏன் வரவில்லை?’ என்ற கேள்வி அந்தச் சொல்லிலிருந்தே பிறக்கிறது.

நிலத்தைப் பிரித்து வரப்பிட்டால் அது பாத்தி. வரப்புக்குள் இருப்பது அந்தப் பாத்தியில் இருக்கிறது, அவ்வளவுதான். ‘அட்டை முழுதும் பாத்திக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்’ என்று உதவிக்குறிப்பு எழுதினால் விளக்கமே தேவையில்லை. களத்துக்குள் பாத்தியா, அது வயலில் அல்லவா என்று கேட்பீர்கள். ஏற்கிறேன், உவமை முழுதாக ஒட்டவில்லை. ஆனாலும் பயனரைத் தவறான எதிர்பார்ப்புக்கு இழுக்காத சொல் என்பதால் அதையே பரிந்துரைக்கிறேன்.

உதவிப் பக்கத்தில் தமிழுக்கென்று இரண்டு குறிப்புகள் சேர்க்க வேண்டும். ஒன்று, அட்டையின் அகலம். நம் சொற்கள் நீளமானவை, சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில்தான் வரி மடியும். ‘ஒருங்கிணைக்கப்பட்டவற்றிலிருந்து’ என்ற ஒரே சொல் குறுகிய அட்டையை முட்டி நிற்கும். 300 படப்புள்ளிக்குக் குறையாமல் அகலம் வைத்து, பத்துப் பன்னிரண்டு சொல்லோடு நிறுத்தச் சொல்லலாம்.

மற்றது எழுத்துரு. எக்ஸ்காலிட்ராவின் கையெழுத்து எழுத்துருவில் தமிழ் இல்லை. கணினியில் எந்தத் தமிழ் எழுத்துரு இருக்கிறதோ அது வந்து உட்காரும். வேறு கணினியில் திறந்தால் அகலம் மாறி, எழுத்து பெட்டியை மீறும். எஸ்விஜி என்ற பட வடிவில் அனுப்பினாலும் இதே தொல்லைதான். பார்க்க மட்டும் அனுப்புவதென்றால் இருமடங்கு அளவில் பிஎன்ஜி படம் போதும். சேர்ந்து திருத்துவதென்றால் எல்லாரும் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒரே எழுத்துருவை நிறுவிக்கொள்ள வேண்டும்.

‘ஸ்டிக்கி நோட்’டுக்கு ஒட்டுத்தாள், ஒட்டுக்குறிப்பு என்று இரண்டு வந்திருக்கின்றன. திரையில் தாள் இல்லை, எனவே என் வாக்கு ஒட்டுக்குறிப்புக்கு. மறுப்பு உள்ளவர்கள் ஒரு பொத்தான் சொற்றொடரும் ஒரு பிழைச்செய்தியும் எழுதிக் காட்டி மறுத்தால் ஒப்பிட எளிதாக இருக்கும்.

நன்றி.