சட்ட நேரம், புழங்கு நேரம், விளிம்பு

வணக்கம் ஐயா,

நேர வலய வரைபடத்தில், சட்டம் சொல்லாமலே ஊரார் பின்பற்றும் நேரத்தைக் குறிக்க ‘நடைமுறை நேரம்’ என்ற சொல்லைப் பரிந்துரைத்திருந்தீர்கள். இரண்டு நாள் அதை வைத்தே எழுதிப் பார்த்தேன், ஓரிடத்தில் இடறுகிறது. ‘சட்டம் நடைமுறைக்கு வந்தது’ என்றுதானே நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோம்? ஓர் ஊரின் ‘நடைமுறை நேரம்’ என்று எழுதினால், அரசு அறிவித்து அமலில் இருக்கும் நேரம் என்றே எடுத்துக்கொள்வார்கள். நாம் சொல்ல வருவது அதற்கு நேர்மாறு. ‘வழக்கு நேரம்’ எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் பக்கத்திலேயே ‘சட்ட நேரம்’ வந்து நின்றதும் நீதிமன்றம்தான் நினைவுக்கு வருகிறது. மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

‘புழங்கு நேரம்’ என்று வைத்துக்கொள்ளலாமா? நாட்டார் வழக்காற்றியலில் ‘புழங்குபொருள்’ ஏற்கெனவே நிலைத்துவிட்ட சொல். இதுவும் அதே போன்ற வினைத்தொகை. புழங்கிய, புழங்குகிற, புழங்கும் என முக்காலமும் உள்ளே அடங்கும். கணினிகள் நேரம் கணிக்கப் பயன்படுத்தும் நேர வலயத் தரவுத்தளம் இன்றைய கடிகாரத்தோடு பழைய மாற்றங்களையும் சேர்த்து வைப்பது என்பதால் இந்த வசதி நமக்கு வேண்டும்.

எனக்குப் பெரிய சிக்கல் ‘எல்லை’ என்ற சொல்லில்தான். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் சிட்டியில் தொல்லை குறைவு: அலபாமா மாநிலத்து ஊர், சட்டப்படி மத்திய நேரம், ஆற்றுக்கு அக்கரையில், கிழக்கு நேரத்தில் உள்ள கொலம்பஸ் நகரோடு ஒட்டி வாழ்வதால் ஊரார் கிழக்கு நேரத்தைப் பின்பற்றுகிறார்கள். ஊர் எல்லையையே ஏறத்தாழ வரைந்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் யூக்லா அப்படியில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் சட்ட நேரம் உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்; யூக்லாவிலும் பக்கத்துச் சாலையோரத் தங்கல்களிலும் புழங்குவது 8 மணி 45 நிமிடம். கைகுனா என்ற சாலையோரத் தங்கலைத் தாண்டிக் கிழக்கே போனால், கடிகாரத்தை 45 நிமிடம் முன்னே தள்ளச் சொல்லும் பலகை நெடுஞ்சாலையோரம் நிற்கிறது. பலகை ஒரு புள்ளி. வரைபடத்துக்கோ மூடிய பலகோணம் வேண்டும். சாலையை விட்டு விலகினால், இங்கே என்ன மணி என்று கேட்க ஆள் கிடைப்பதே அரிது. அங்கே நாம் இழுக்கும் கோடு நம் ஊகம். அதற்குச் சட்டக் கோட்டுக்கு உரிய பெயரைக் கொடுப்பது படிப்பவரை ஏமாற்றுவதாகும். ஆகவே சட்ட நேரத்துக்கு ‘எல்லை’, புழங்கு நேரத்துக்கு ‘விளிம்பு’. விளிம்பு மங்கலாம், நகரலாம், எல்லை அறிவிக்கப்பட்டது.

சீனாவின் வடமேற்கிலுள்ள சின்ஜியாங்கில் இதுவும் போதவில்லை. சீனா முழுமைக்கும் சட்டம் பெய்ஜிங் நேரம் ஒன்றே. சின்ஜியாங்கில் வாழும் உய்குர் மக்களில் பலர் அதைவிட 2 மணி பின்தங்கிய உரும்கி நேரத்தை வைத்துக்கொள்கிறார்கள். அதே தெருவில் ஹான் சீனர்கள் பெய்ஜிங் நேரப்படி கடை திறக்கிறார்கள். மணி சொன்னால், எந்த நேரப்படி என்று கேட்டாக வேண்டும். ஒரே நிலத்தின்மேல் இரண்டு நேரம் படிந்திருக்கும்போது கோடு எங்கே இழுப்பது? என் கோப்பில் இப்போதைக்கு ‘இரட்டை நேரப் பரப்பு’ என்று எழுதியிருக்கிறேன். ‘இரட்டை’ என்றால் இரண்டும் சரிசமம் என்ற பொருள் தொனிக்கிறது. அங்கே ஒன்றுக்குத்தான் அரசின் பலம் உண்டு. அந்த ஏற்றத்தாழ்வை மறைக்காத சொல் உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள், ஐயா.