இரண்டாவது கிட்டார்: பிரேசிங்கை மாற்றுவதா, உடம்பை மாற்றுவதா?

கோவை_உளி:
வணக்கம். ஓஎம் அளவில் (நடுத்தர உடம்பு) ஒரு ஸ்டீல் தந்தி கிட்டார் செய்து முடித்திருக்கிறேன். டாப் (முன்பலகை) சிட்கா ஸ்ப்ரூஸ், பக்கமும் பின்பலகையும் ஈட்டி மரம், உள்ளே வழக்கமான எக்ஸ் பிரேசிங் (டாப்பின் அடியில் X வடிவில் ஒட்டும் தாங்குபட்டைகள்), எல்லாம் பிளானில் இருந்த அளவுப்படி. மேல் தந்திகள் கணீரென்று இருக்கின்றன, ஆனால் ஐந்தாவது ஆறாவது தந்திகளில் கனமே இல்லை, ஸ்ட்ரம் செய்தால் சத்தம் பெட்டிக்குள்ளேயே நின்றுவிடுகிறது. அடுத்ததில் பிளானைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்ய ஆசை. ஸ்பானிஷ் கிட்டார் மாதிரி ஃபேன் பிரேசிங் (விசிறி மாதிரி விரியும் பட்டைகள்) போடலாமா? மடியில் சுகமாக உட்கார ஆழத்தை 105 மி.மீ.யில் இருந்து 85க்குக் குறைக்கலாம் என்றும், பக்கவாட்டில் ஒரு சவுண்ட்போர்ட் (சத்தம் வெளியே வர இன்னொரு ஓட்டை) வெட்டலாம் என்றும் நினைக்கிறேன். மூன்றையும் ஒரே கிட்டாரில் செய்யலாமா?

பலாமரம்:
பாஸ் போதவில்லை என்கிறீர்கள், அடுத்த மூச்சில் ஆழத்தைக் குறைக்கப் போகிறேன் என்கிறீர்கள்! பெட்டிக்குள் இருக்கும் காற்றின் அளவு குறைந்தால் அந்தக் காற்றின் அதிர்வெண் ஏறும். பக்கவாட்டில் இன்னொரு ஓட்டை போட்டாலும் ஏறத்தான் செய்யும். இரண்டுமே உங்களுக்கு வேண்டியதற்கு எதிர்த்திசை.

ஃபேன் பிரேசிங், ஸ்பெயினில் 19ஆம் நூற்றாண்டில் கிட்டார் செய்த தோரஸ் காலத்து குடல் தந்திக்கு அமைந்தது, இன்று நைலானுக்கும் அதுதான். அதில் மொத்த இழுவை 40 கிலோ பக்கம் இருக்கும், நீங்கள் 12-53 தடிமன் ஸ்டீல் செட் போட்டால் 70 கிலோவைத் தாண்டும். அத்தனை இழுவையும் பிரிட்ஜை (டாப்பில் தந்திகள் மாட்டும் கட்டை) முன்னால் கவிழ்க்கப் பார்க்கும்: பின்பக்கம் டாப் வயிறு தள்ளும், சவுண்ட்ஹோல் (டாப்பின் வட்ட ஓட்டை) பக்கம் குழியும். எக்ஸில் இரண்டு கைகளும் சவுண்ட்ஹோலுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் குறுக்கிட்டு, பிரிட்ஜின் இரு ஓரத்துக்கும் அடியில் போவதால் அந்தத் திருகலைத் தாங்குகின்றன. இத்தனைக்கும் அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி 1840களில் எக்ஸ் போட ஆரம்பித்தபோது தந்தி என்றால் குடல்தான், ஸ்டீல் பரவலானது 1920களில். ஃபேன் போட்டு ஸ்டீல் தாங்க வைக்கலாம், ஆனால் பட்டைகளைத் தடியாக்கி ஆக்கி, கடைசியில் இப்போது இருப்பதைவிட இறுக்கமான டாப்பில் போய் நிற்பீர்கள்.

தட்டிப்பார்:
அடுத்த கிட்டாருக்கு ஏன் காத்திருக்க வேண்டும், கையில் ஒன்று இருக்கிறதே! ஒரு கெட்டி அட்டையில் உங்கள் சவுண்ட்ஹோலைவிடச் சின்ன வட்டம் வெட்டி, ஓட்டைமேல் பொருத்தி வாசித்துப் பாருங்கள். ஓட்டை சிறுத்தால் காற்றின் அதிர்வெண் இறங்கும், சத்தம் கொஞ்சம் குறைந்தாலும் பாஸ் எந்தப் பக்கம் நகர்கிறது என்று காதுக்கே தெரிந்துவிடும். செலவு பூஜ்யம்.

அப்புறம் பட்டைகள். பட்டையின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்தில் போகும், உயரத்துக்கோ மும்மடியாகப் போகும். 8 மி.மீ. உயரப் பட்டையை 7 ஆக்கினால் எடை எட்டில் ஒரு பங்குதான் குறையும், விறைப்பு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பிளான் அளவு ஏதோ ஒரு மரத்துக்குச் சரியாக இருந்திருக்கும், உங்கள் கையில் கிடைத்த ஸ்ப்ரூஸ் அதைவிட விறைப்பாக இருந்தால் டாப் பூட்டிக்கொள்ளும். என் ஊகம் அதுதான்.

தந்தியைக் கழற்றிவிட்டு, சவுண்ட்ஹோல் வழியாகக் கை விட்டு, ஒரு சின்னக் கட்டையில் 80ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் சாய்வாக ஓடும் டோன் பார்களை மட்டும் தேயுங்கள். எக்ஸின் குறுக்குச் சந்திப்பையும் பிரிட்ஜ் பிளேட்டையும் (பிரிட்ஜுக்கு நேர் அடியில் உள்ளே ஒட்டிய பலகை) தொடவே கூடாது. கொஞ்சம் தேய்த்து, தந்தி மாட்டி, ஓரிரு நாள் விட்டுக் கேளுங்கள். மார்ட்டினில் பட்டைகளைக் குடைந்து ஸ்காலப் செய்வதை 1940களின் நடுவில் நிறுத்தியதே கனமான தந்திகளை டாப் தாங்கவில்லை என்றுதான், 1976இல் எச்டி-28 மாடல் வந்தபோது திரும்ப ஆரம்பித்தார்கள். அதாவது தேய்த்தால் பாஸ் வரும், கூடவே ஆபத்தும் வரும்.

ஈரக்காற்று:
பட்டைகளின் பேட்டர்னைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். டெய்லர் கிட்டார் கம்பெனி 2018இல் வி வடிவத்துக்கு மாறியது, ஆஸ்திரேலியாவில் கிட்டார் செய்யும் ஸ்மால்மேன் பால்சா மரமும் கார்பன் ஃபைபரும் வைத்து வலைப்பின்னல் போட்டு டாப்பைச் சவ்வு மாதிரி மெலிதாக்கிவிட்டார் (நைலான் தந்திக்கு). எல்லாமே ஓடுகிறது. ஆனால் நம் ஊரில் பேட்டர்னுக்கு முன்னால் பார்க்க வேண்டியது ஈரப்பதம். ஐப்பசி மழையில் ஊறிய டாப்பில் பட்டை ஒட்டினால், பின்னால் ஏசி அறையில் வைக்கும்போது பலகை சுருங்கும், பட்டை சுருங்காது, டாப் குழியும் அல்லது வெடிக்கும். மூடிய அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பும் ஈரமானியும் வைத்து 45 சதவீதத்தில் சில நாள் இருக்க விட்டு அப்புறம் ஒட்டுங்கள்.

பலாமரம் ஆழத்தைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் சவுண்ட்போர்ட்டை நான் ஒதுக்க மாட்டேன். வாசிப்பவருக்கு நன்றாகக் கேட்கும், பிடிக்காவிட்டால் ஒரு மூடி செய்து அடைத்துவிடலாம். பக்கமும் பின்பலகையும் எதில் என்று ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். தோரஸ் 1862இல் அவற்றைக் காகிதக் கூழில் செய்து, டாப்புதான் முக்கியம் என்று காட்டினார், அந்தக் கிட்டார் இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கோவை_உளி:
அனைவருக்கும் நன்றி. அட்டையை வைத்துப் பார்த்தேன், ஆறாவது தந்தியில் வித்தியாசம் நிஜமாகவே கேட்கிறது. ஃபேனும் 85 மி.மீ.யும் இப்போதைக்கு இல்லை. இந்த ஞாயிறு டோன் பாரில் கை வைக்கப் போகிறேன். எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும் அண்ணா?

தட்டிப்பார்:
தேய்ப்பதற்கு முன், தந்தி முழு இழுவையில் இருக்கும்போதே, பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு நேர்ச்சட்டத்தை வைத்து வயிறு எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை தந்தி ஏற்றிய பிறகும் அதே இடத்தில் பாருங்கள். பிரிட்ஜ் முன்னால் சாய்வது 2 டிகிரியைத் தொட்டால், பாஸ் எப்படி இருந்தாலும் உப்புத்தாளைக் கீழே வைத்துவிடுங்கள். தூள் கண்ணில் விழும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.